தோட்டத்துப் பிள்ளைகளும் பள்ளிக் கலைமன்றங்களும்



திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையின் அடிவாரத்தில் போனக்காடு அமைந்துள்ளது. நெடுமங்காடு வட்டம், விதுரா ஊராட்சியைச் சேர்ந்த இச்சிற்றூர், ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய தேயிலைத் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்தது. தமிழகத்தின் தென்பகுதிகளிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இங்குள்ள லயங்களில் வாழ்ந்து வருகின்றனர். தோட்டத் தொழில் நலிவுற்றபின் ஆலையின் ஓசை அடங்கியது. ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. பல குடும்பங்கள் பிழைப்புத் தேடி மலையிறங்கின. எஞ்சியிருப்போரின் பிள்ளைகள் உயர்நிலைக் கல்விக்காக மலைப்பாதையில் இறங்கி, விதுராப் பக்கமுள்ள பள்ளிகளுக்கு வந்து செல்ல வேண்டியுள்ளது. மலைக்குத் திரும்பும் பேருந்துகள் சிலவே. அவற்றைத் தவறவிடும் பிள்ளைக்கு வேறு வழியில்லை.

பள்ளிகளில் கலைப் பயிற்சியும் மாணவர் மன்றங்களும் எவ்வாறு நடைபெற வேண்டும் என்ற கேள்விக்கு இத்தகைய ஊரிலிருந்து விடை தேடுவது பொருத்தமாகும். நகரத்துப் பள்ளியில் கலைமன்றம் என்பது இருப்பதற்கு மேல் கிடைக்கும் ஒரு வசதி. மலைத்தோட்டத்துப் பிள்ளைக்கோ, தன் மொழியும் தன் ஊரும் பள்ளியில் இடம்பெறக் கிடைக்கும் ஏறக்குறைய ஒரே வாய்ப்பாக அது அமைகிறது. ஆனால் பல பள்ளிகளில் இவ்வாய்ப்பு வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகே தொடங்குகிறது. அந்த நேரத்தில் தோட்டத்துப் பிள்ளை பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது.

பாதுகாப்பு நின்றுபோகும் வயது

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதற்கு வழிவகுத்தது. ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருப்பின், அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தருமாறு நிர்வாகத்தைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்று அச்சட்டம் கூறியது. பொழுதுபோக்கு வசதிகளைப் பற்றியும் அதில் தனிப்பிரிவு இருந்தது. ஆனால் கல்விப் பொறுப்பு 12 வயதோடு நின்றது. அதற்கு மேற்பட்ட படிப்பு தோட்டத்தின் கடமையாகக் கருதப்படவில்லை.

மொழி பற்றிய பாதுகாப்பும் இவ்வாறே அமைந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டன. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளான தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கேரள மாநிலம் உருவானதும் அதே நாளில்தான். எல்லைக்கு இப்பால் நின்ற மலைத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். இத்தகையோரைக் கருத்திற்கொண்டு, அரசியலமைப்பின் ஏழாம் திருத்தத்தின் வாயிலாக 350அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. ஆயினும் அதுவும் தொடக்கக் கல்வி அளவிலேயே நிற்கிறது.

மூன்றாவதாக, 2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை நோக்கலாம். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை 100க்கு மேற்பட்டால், கலைக்கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றிற்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருத்தல் வேண்டும் என்று அது விதிக்கிறது. நாடெங்கும் கலைக்கல்வியைப் பள்ளியின் கடமையாக்கிய நல்ல விதி இது. எனினும், மக்கள் தொகை குறைந்துவரும் மலையூர்ப் பள்ளியில் 100 பிள்ளைகள் சேர்வது அரிது. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளும்போது, தேவை மிகுந்த இடமே விடுபட்டுப்போகிறது. மேலும் இச்சட்டத்தின் எல்லை 14 வயதோடு முடிவடைகிறது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். பிள்ளை சிறுவயதினனாக இருக்கும்வரை சட்டம் அவனுக்கு அருகில் நிற்கிறது. அவன் வளரிளம் பருவத்தை எட்டி, மலையிறங்கி, வேற்றுமொழிச் சூழலில் பெரிய பள்ளியொன்றில் நுழையும்போது அந்தத் துணை விலகிவிடுகிறது. படிப்பை இடையில் நிறுத்திவிடும் எண்ணம் தலைதூக்குவதும் அந்தப் பருவத்தில்தான். அவ்வேளையில் பிள்ளையைப் பள்ளியோடு பிணைக்கும் கயிறு எது என்பதே கேள்வி.

புறம் அன்று, இணை

சுதந்திர இந்தியாவின் இடைநிலைக் கல்வியை ஆராய 1952ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குழுவிற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். மருத்துவப் பேரறிஞரும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான அவர் தலைமையில் 1953ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கை, பாடத்திற்கு வெளியே நடைபெறும் செயல்களும் பள்ளிக் கல்வியின் பிரிக்கவியலாத பகுதியே என்பதை வலியுறுத்தியது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, இசை, நடனம், நாடகம், ஓவியம் ஆகியன பத்தாம் வகுப்புவரை பாடமாகவே இடம்பெற வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், பாடம் என்றும் பாடப்புறம் என்றும் கடுமையாகப் பிரிப்பதைக் கைவிடக் கோருகிறது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக ஒரே கருத்து மீண்டும் மீண்டும் கூறப்படுவதே அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்பதற்குச் சான்றாகும். கலைக்கென ஒதுக்கிய பாடவேளையைக் கணக்கிற்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடும் வழக்கம் எல்லா மாநிலங்களிலும் உண்டு. பொதுத்தேர்வு நெருங்கும்போது ஓவிய அறைக்கும் இசை அறைக்கும் பூட்டுத் தொங்குகிறது.

கலையும் மன்றமும் பிள்ளைக்கு அளிப்பவை யாவை? கூட்டப் பொருளாளராக ஒருமுறை கணக்கெழுதிய மாணவன், பின்னாளில் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைக் கண்டு அஞ்சமாட்டான். ஐம்பது பேர் முன்னிலையில் ஒரு பாடலைப் பாடிய மாணவி, அலுவலகத்தில் தன் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கத் தயங்கமாட்டாள். நாடகத்தில் பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசப் பழகியவன், கூட்டத்தில் மாற்றுக் கருத்தைக் கேட்கவும் பழகியிருப்பான். தலைமுறை தலைமுறையாகப் பிறர் இட்ட கட்டளையைக் கேட்டே வாழ்ந்த தோட்டக் குடும்பத்தின் பிள்ளைக்கு, எழுந்து நின்று பேசும் இந்தப் பயிற்சி சாதாரணமானதன்று. மக்களாட்சியின் முதற்பாடம் அதுவே எனலாம்.

மாநிலம் போற்றும் கலைவிழா

பள்ளிக் கலைகளுக்குக் கேரளம் தந்துள்ள இடம் இந்தியாவில் தனித்தன்மை வாய்ந்தது. மாநிலம் உருவான சில மாதங்களிலேயே, 1957ஆம் ஆண்டு ஜனவரியில், எறணாகுளத்தில் முதல் பள்ளி இளைஞர் விழா நடைபெற்றது. தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த இளைஞர் விழாவைக் கண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் இத்தகைய விழா வேண்டும் என்று முனைந்தவர் அப்போதைய பொதுக்கல்வி இயக்குநர் சி. எஸ். வெங்கடேசுவரன். அடுத்த ஆண்டு விழாவில் செவ்விசையில் முதற்பரிசு பெற்றவர் கே. ஜே. யேசுதாஸ். மிருதங்கத்தில் முதற்பரிசு பெற்றவர் பி. ஜெயச்சந்திரன். அரும்பும் நிலையிலிருந்த இரு பெரும் பாடகர்களை ஒரே ஆண்டில் நாட்டிற்கு அடையாளம் காட்டிய விழா அது.

பின்னர்க் கலோத்சவம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இவ்விழாவிற்குப் பள்ளி, உபமாவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என நான்கு படிகள் உள்ளன. 2025ஆம் ஆண்டு ஜனவரி 4 முதல் 8 வரை திருவனந்தபுரத்தில் நடைபெற்ற 63ஆம் விழாவில் 249 போட்டிகள் இடம்பெற்றன. 25 அரங்குகளுக்கு ஆறுகளின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. மங்கலம்களி, பணியர் நடனம், இருளர் நடனம், பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம் ஆகிய ஐந்து பழங்குடிக் கலைகள் அவ்விழாவில்தான் முதன்முறையாகப் போட்டிகளில் சேர்க்கப்பட்டன. மலைமக்களின் கலைக்கு மாநில மேடையில் இடம் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதும், இறுதியில் கிடைத்தது என்பதும் ஒருசேர எண்ணிப் பார்க்கத்தக்கவை.

இத்தகைய பெருவிழாவிற்கு மறுபக்கமும் உண்டு. நடனப் போட்டிகளுக்கு வேண்டிய உடை, அணிகலன், ஒப்பனை, பக்கவாத்தியம், தனிப்பயிற்சி ஆகியவற்றிற்கு ஆகும் செலவு எளிய குடும்பங்களால் தாங்கக்கூடியதன்று. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்து அடுத்த படிக்கு வருவோரின் கூட்டமும் பெருகியது. 1986ஆம் ஆண்டு தொடங்கிய கலாதிலகம், கலாபிரதிபா என்னும் தனிநபர் பட்டங்கள் பெற்றோரிடையே கடும் போட்டியை மூட்டின. இதனை உணர்ந்து 2006ஆம் ஆண்டு முதல் அப்பட்டங்கள் கைவிடப்பட்டன. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பிறகு ஆலப்புழையில் விழா ஆடம்பரம் குறைத்து நடத்தப்பட்டது. எளிமையாக நடத்தினாலும் கலைக்குக் குறைவு நேராது என்பதற்கு அவ்வாண்டு ஒரு சான்றாயிற்று.

தமிழ்நாட்டிலும் 2022-23ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடைபெறத் தொடங்கியது. வெற்றி பெற்றோருக்குக் கலையரசன், கலையரசி என்னும் விருதுகள் வழங்கப்பட்டன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கெனவே ஒரு பெருமேடை அமைந்தது மகிழ்ச்சிக்குரியது. தனிப்பட்டங்களின் வழியே கேரளம் இருபது ஆண்டுகள் நடந்து பெற்ற பட்டறிவு, புதிதாகத் தொடங்கியோருக்கும் பயன்பட வேண்டும். மேடையில் ஒருவரை உயர்த்துவதைவிட, மேடைக்கு வராத பலரை வரவழைப்பதே பள்ளிக் கலையின் முதல் நோக்கமாதல் வேண்டும்.

தமிழுக்கு ஓர் இடம்

கலோத்சவத்தின் போட்டிப் பட்டியலில் பலர் கவனியாத ஒரு பகுதி உண்டு. மலையாளம், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு, தமிழில் செய்யுள் ஒப்பித்தலும் தமிழ்ப் பேச்சும் அதில் இடம்பெற்றுள்ளன. கன்னடத்திற்கும் இவ்வாறு இடமுண்டு. இடுக்கி, பாலக்காடு ஆகிய எல்லை மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பதால் அங்கிருந்து போட்டியாளர்கள் வருவதில் வியப்பில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தோட்டப் பிள்ளைகளுக்கும் இந்த வாயில் திறந்தே உள்ளது.

இதன் மதிப்பை உணர, எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு தோட்டத்து மாணவியை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். வீட்டில் அவள் பேசுவது தமிழ். வகுப்பில் கேட்பது மலையாளம். இரு மொழியும் கலந்த அவளது பேச்சைக் கேட்டு உடன் பயில்வோர் நகைக்கக்கூடும். அதனால் அவள் வாய் திறக்கத் தயங்குகிறாள். ஆசிரியர் அவளைக் கூச்சமுள்ள பெண் என்று எண்ணிவிடுகிறார். ஆனால், தமிழ்ச் செய்யுள் ஒப்பிக்க யார் முன்வருவீர் என்று இலக்கிய மன்றத்தில் கேட்கும் நாளில், வகுப்பிலேயே அதற்குத் தகுதியானவள் அவள் ஒருத்தியே. அதுவரை குறையாகக் கருதப்பட்டது அன்று தகுதியாகிறது. பரிசு கிடைக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது. பள்ளியில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்ற எண்ணமே அவளை மறுநாளும் பேருந்தில் ஏற்றி வகுப்பிற்கு அனுப்பும்.

கேரளத்துக் கலைகளுள்ளேயே தமிழ் உறைந்திருப்பதையும் ஆசிரியர் சுட்டிக்காட்டலாம். கடற்கரைக் கிறித்தவர்களின் சவிட்டு நாடகத்தின் பாட்டும் வசனமும் தமிழ் கலந்த நடையில் அமைந்தவை. சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழரின் பெயரோடு அக்கலையின் தோற்றத்தை மரபு இணைத்துக் கூறுகிறது. பரதநாட்டிய மேடையில் ஒலிக்கும் பதங்களுள் தமிழ்ப் பதங்கள் ஏராளம். பொருள் அறியாது மனப்பாடம் செய்து அபிநயம் பிடிக்கும் மாணவியருக்கு அச்சொற்களின் பொருளை விளக்கக்கூடியவள், உடை வாங்க வசதியில்லாத தோட்டத்து மாணவியாக இருக்கலாம். அவளை அழைத்து விளக்கச் சொல்லும் ஆசிரியர், இரு தரப்பினருக்கும் ஒருங்கே கற்பித்தவராகிறார்.

மன்றங்களும் மலையும்

கலைக்கு அடுத்தபடியாக மாணவர் மன்றங்களை நோக்க வேண்டும். கேரளப் பள்ளிகளில் வித்யாரங்கம் என்னும் கலை இலக்கிய மேடை, அறிவியல், கணிதம், சமூக அறிவியல் மன்றங்கள், சுற்றுச்சூழல் மன்றம் எனப் பல அமைப்புகள் உள்ளன. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் 127 பள்ளிகளில் தொடங்கப்பட்ட மாணவர் காவல் படை, 2018இல் நாடு தழுவிய திட்டமாக விரிந்தது. கணினிப் பயிற்சிக்காக 2018 ஜனவரியில் தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் அமைந்தன. இதில் சேர எட்டாம் வகுப்பில் ஒரு தகுதித் தேர்வு நடத்தப்படுகிறது.

தகுதித் தேர்வு நியாயமானதே. ஆயினும், வீட்டில் கணினியைத் தொட்டறியாத பிள்ளை அத்தேர்வில் பின்தங்குவது இயல்பு. கணினி இல்லாதவனுக்கே கணினி மன்றம் மிகுதியும் தேவை என்பதை எண்ணி, தேர்வுக்கு முன்னரே அத்தகைய பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் ஆயத்தப் பயிற்சி தருவது ஆசிரியர் கையில் உள்ளது.

மலைப்பகுதி மன்றங்களுக்குப் பொருள் தேடி அலைய வேண்டிய தேவையில்லை. போனக்காட்டைச் சூழ்ந்த காடுகள் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தைச் சேர்ந்தவை. 2001இல் அறிவிக்கப்பட்ட இக்காப்பகம், 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. தலைநகரின் தாகம் தீர்க்கும் கரமனை ஆறு தோன்றுவது இம்மலைத்தொடரில்தான். அதன்மீது 1983இல் கட்டி முடிக்கப்பட்ட பேப்பாறை அணையும், அதைச் சார்ந்த வனவிலங்குச் சரணாலயமும் அண்மையில் உள்ளன. மழையளவைக் குறித்து வைத்தல், பறவைகளைக் கணக்கிடுதல், ஓடைநீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் மாதந்தோறும் பதிவு செய்தல் ஆகிய பணிகளில் மலையூர்ப் பிள்ளைக்கு ஈடாக நகரத்துப் பிள்ளை செயற்பட இயலாது.

இம்மலையின் அறிவு உலகிற்குப் பயன்பட்ட வரலாறும் உண்டு. 1987ஆம் ஆண்டு அகத்தியர் மலைப்பகுதியில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், தமக்கு வழிகாட்டிய காணி மக்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை எனப்பட்ட அச்செடியிலிருந்து பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் தயாரிப்பு உரிமம் வழங்கப்பட்டபோது, உரிமக் கட்டணத்திலும் உரிமத் தொகையிலும் பாதியைக் காணி மக்களுக்கு அளிப்பதென ஒப்புக்கொள்ளப்பட்டது. மரபறிவின் பயனை உரியவரோடு பகிர்ந்துகொள்வதற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் நிகழ்ச்சி இது. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் முதலில் கற்க வேண்டிய பாடமும் இதுவே. தன் பாட்டி அறிந்த பச்சிலையை ஏட்டில் குறித்துவரும் மாணவன், தான் வெறுங்கையுடன் பள்ளிக்கு வரவில்லை என்பதை உணர்வான்.

அண்மையிலுள்ள உயர்கல்வி நிறுவனங்களின் துணையையும் நாடலாம். விதுராவில், மருதாமலையில், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் உள்ளது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளம் அறிவியல் மாணவர்கள் அங்கு வந்து பயில்கின்றனர். அவர்களுள் சிலர் திங்களுக்கு ஒருமுறை அருகிலுள்ள பள்ளியின் அறிவியல் மன்றத்திற்கு வந்து ஒரு செய்முறையைக் காட்டினால், பெருஞ்செலவின்றி ஒரு பெரும்பணி நிறைவேறும்.

கடைசிப் பேருந்து என்னும் அளவுகோல்

இவ்வளவு வாய்ப்புகள் இருந்தும், மாலை நான்கு மணிக்குப் பின்னரே ஒத்திகையும் மன்றக் கூட்டமும் நடைபெறுமாயின், அவை தொலைதூரப் பிள்ளைக்கு இல்லாதவையே. எந்த ஆசிரியரும் அப்பிள்ளையை விலக்குவதில்லை. எந்த விதியும் அவளைத் தடுப்பதில்லை. கால அட்டவணையே அவளை விலக்கிவிடுகிறது. விலக்கப்பட்டவளுக்கும் அது தெரிவதில்லை. தனக்குக் கலையில் நாட்டமில்லை என்றே அவளும் நாளடைவில் நம்பத் தொடங்கிவிடுகிறாள். இழப்பு இதில்தான் உள்ளது.

ஆகவே, ஒரு பள்ளியின் கலைமன்றத்தை மதிப்பிட, அது மாநில விழாவில் வென்ற கோப்பைகளை மட்டும் எண்ணினால் போதாது. அப்பள்ளியின் மிகத் தொலைவான ஊரிலிருந்து வரும் பிள்ளை, தன் கடைசிப் பேருந்தைத் தவறவிடாமல் எத்தனை மன்றங்களில் பங்குபெற முடிகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்த அளவுகோல் போனக்காட்டிற்கு மட்டும் உரியதன்று. வால்பாறைத் தோட்டங்களுக்கும், நீலகிரியின் சிற்றூர்களுக்கும், ஆற்றைக் கடந்து பள்ளிக்கு வரும் சமவெளி ஊர்களுக்கும் இது பொருந்தும்.

செய்யத்தக்கவை

இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. பள்ளி அளவிலேயே செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவதாக, வாரத்தில் ஒரு நாளின் கடைசி இரு பாடவேளைகளை மன்றங்களுக்கென ஒதுக்கி, அவற்றை வேறு பாடத்திற்கு விட்டுக்கொடாத நிலையை ஏற்படுத்த வேண்டும். ஒத்திகைகளும் பள்ளி நேரத்திற்குள்ளேயே அமைய வேண்டும். தவிர்க்க இயலாத நாள்களில், பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஊராட்சியும் இணைந்து, பிள்ளைகள் வீடு சேர வாகன வசதி செய்தல் வேண்டும்.

இரண்டாவதாக, ஒரு உபமாவட்டத்துப் பள்ளிகள் யாவும் சேர்ந்து, ஆடை அணிகலன்களுக்கும் இசைக்கருவிகளுக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்றை அமைக்கலாம். ஒருமுறை மேடையேறிப் பின்னர் பெட்டியில் உறங்கும் உடைகள் எல்லா ஊர்களிலும் உள்ளன. அவற்றை நன்கொடையாகப் பெற்றுத் தூய்மை செய்து வைத்தால், உடைச் செலவு என்ற தடை பெருமளவு நீங்கும். நாட்டுப்புறப் பாட்டு, குழுப்பாட்டு, செய்யுள் ஒப்பித்தல், கதை சொல்லல் போன்று செலவு குறைந்த கலைகளுக்கு முதன்மை தருவதும் நன்று.

மூன்றாவதாக, பயிற்றுநர் மலையேற வேண்டும். தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றத் திட்டம் இதற்கு வழிகாட்டுகிறது. 13 ஆயிரத்திற்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்காக அமைந்த அத்திட்டத்தில், கருத்தாளர்கள் கருவிகளுடன் பள்ளிகளைத் தேடிச் சென்று செய்முறைகளைக் காட்ட ஏற்பாடு செய்யப்பட்டது. அறிவியலுக்குச் செய்ததை இசைக்கும் ஓவியத்திற்கும் செய்யலாம். 100 பிள்ளைகள் இல்லாத ஐந்து சிறு பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு கலைப் பயிற்றுநரை அமர்த்தி, நாளுக்கு ஒரு பள்ளியாக அவரை அனுப்பினால், எண்ணிக்கை என்னும் தடை அகலும்.

நான்காவதாக, தமிழ் பேசும் பிள்ளைகள் சிலரேனும் உள்ள பள்ளிகளில், இலக்கிய மன்றத்தின் ஓர் அங்கமாகத் தமிழ் அரங்கமும் இயங்க வேண்டும். அதில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம். லயத்துப் பெரியவர்கள் அறிந்த கும்மி, தாலாட்டு, கதைப்பாடல்கள் ஆகியவற்றைப் பிள்ளைகள் கேட்டு எழுதிவந்து அங்கே அரங்கேற்றலாம். தோட்டங்கள் கலைந்து, குடும்பங்கள் சிதறிவரும் இந்நாளில், அப்பாடல்களைக் காக்க இதனினும் எளிய வழி வேறில்லை.

ஐந்தாவதாக, ஒவ்வொரு ஆண்டின் இறுதியிலும் தலைமையாசிரியர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பரிசு பெற்றோர் எத்தனை பேர் என்பதன்று அக்கணக்கு. அவ்வாண்டில் எந்த மன்றத்திலும் பெயர் இடம்பெறாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்த ஊரினர் என்பதே. அப்பட்டியலைப் பேருந்து நேரத்தோடு ஒப்பிட்டால் காரணம் தானே விளங்கும்.

மலையில் தேயிலை ஆலையின் சங்கொலி நின்றுவிட்டது. அச்சங்கொலிக்குக் கட்டுப்பட்டு விடியலில் எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளி மணிக்காக எழுகின்றனர். அந்த மணி, வகுப்பறைக்குள் அமர்ந்து கேட்பதற்கு மட்டும் அவர்களை அழைக்கும் மணியாக இராமல், எழுந்து நின்று பாடவும் பேசவும் அழைக்கும் மணியாக ஒலிக்க வேண்டும். அது ஒலிக்க வேண்டிய நேரம், மலைக்குச் செல்லும் கடைசிப் பேருந்து புறப்படுவதற்கு முன்பாகும்.